தள்ளுபடி

எட்டு வருடத்தில் ஆரம்பித்தார்கள்.
சந்தையில் மாட்டுக்கு விலை சொல்வதுபோல
உச்சத்தில் ஒரு எண்ணை வைத்துவிட்டு
அங்கிருந்து இறங்குவதுதான் முறையாம்.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம் ஐஸ்
எங்கள் மீன்பெட்டியின் ஐஸுக்கு அடியில்.
ஒன்று உருகிவிட்டது.
மற்றதை எடைபோட்டார்கள்.

முதல் நீதிபதி அரைக்கால் கழித்தார்,
பன்னிரண்டு மாதம்.
விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான்
நோரீன் ஒப்புக்கொண்டாள்.
பிந்திய சொல்லுக்கு விலை குறைவு.
அன்றைக்கே சொல்லியிருந்தால் முழுக் கால்.
இப்போது அரைக்காலில்
ஏழு வருடம் நொண்ட வேண்டும்.

அந்த வித்தியாசத்துக்காகத்தான்
ஹோகிடிகாவில் ஏறி, விமானம் மாறி,
வெலிங்டன் மழையில் நனைந்த கோட்டோடு
பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நீதிபதிகள்.
நோரீன் சுவரில் ஒரு திரை.
கிறைஸ்ட்சர்ச் சிறையின் வெளுத்த வெளிச்சத்தில்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள்.
பள்ளிப் பேருந்தின் பக்கக் கண்ணாடியையும்
இப்படித்தான் துடைப்பாள்,
பத்தொன்பது வருடம்,
ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை.
அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டேன்.
"இந்த மாதிரி வழக்கில் அதற்கு மதிப்பில்லை,"
என்றாள் வக்கீல் டெவரன்.

பிறகு எழுந்து வாதாடினாள்:
ஆய்வக அறிக்கை ஏழு மாதம் தாமதம்,
எடை தெரியாமல், தூய்மை தெரியாமல்
எதை ஒப்புக்கொள்வது?

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார்.
"தன் பெட்டியில் என்ன இருந்தது என்று
அவருக்குத் தெரியாதா?
வருந்துவதற்கு அறிக்கை எதற்கு?"

நியாயமான கேள்வி.
அந்த அறையில் எனக்கு மட்டும்
விடை தெரியும்.

போலீஸ் வந்து போன இரவே
அவள் சொல்லிவிட்டாள்.
சமையலறையில், கெட்டில் கொதித்து அடங்கிய பிறகு,
"நான்தான், யூவன். தெரிந்துதான் வைத்தேன்."
முதல் வாய்ப்பிலேயே.
ஆனால் அங்கே தேதி போட
எழுத்தர் யாரும் இல்லை.

சத்தியம் செய்து எழுதிக்கொடுங்கள் என்றாள் டெவரன்,
உதவலாம்.
ஆனால் அரசுத் தரப்பு உங்களைக் கூண்டில் ஏற்றும்,
பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்தது எப்போது,
வாங்கியது யார் என்று கேட்கும்.

ரசீது இன்னும் என் பர்ஸில்.
எதற்கு என்று அன்றைக்குக் கேட்காமல்
வாங்கி வந்தேன்.
கேட்காமல் இருப்பதும் ஒரு வேலை,
கவனமாகச் செய்தேன்.

எழுதிக்கொடுக்கவில்லை.

ஃபாதர் கின்ஸெல்லாவிடம் போனால்
மூன்று செபமாலைக்கு
முழுவதையும் கழித்துவிடுவார்.
அவரிடமும் போகவில்லை.

பதினொரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது.
மேல்முறையீடு தள்ளுபடி.
கடைவாசலில் எழுதினால் கூட்டம் சேர்க்கும் சொல்,
இங்கே ஒரு தாழ்ப்பாள்.
பதினான்கு பக்கம்.
இருபத்தாறாம் பத்தியில் எழுதியிருக்கிறது:
முன்னரே வருந்தியதற்குச்
சான்று ஏதும் எம் முன் இல்லை.
அந்தப் பத்தியை நான்தான் எழுதினேன்,
கையெழுத்து மட்டும் அவர்களுடையது.

செப்டம்பர். ஆற்றில்
கண்ணாடிபோலக் குஞ்சுமீன் ஏறுகிறது.
வலையை நான் ஒருவனாகவே இறக்குகிறேன்.
அன்றிரவே பேசியிருந்தால் எனக்கும் கால்.
இன்றைக்கு மாகாணி மிஞ்சலாம்.
ஒவ்வொரு அலையேற்றத்துக்கும்
ஒரு முந்திரி தேய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அழைத்தாள்.
மீன் ஓடுதா?
ஓடுது.
பெட்டி?
போலீஸ் இன்னும் திருப்பித் தரலை.
பூட்டு?

இன்னும் ஒரு நிமிடம் என்றது
இயந்திரக் குரல்.

நான் மழையைப் பற்றிப் பேசினேன்.